புண்ணுக்கு வளைகாப்பு

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், புதுச்சேரிக்குத் தெற்கே எங்கள் பாகூர் கொம்யூனில் ஒரு புண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. புண் என்றால் நிஜப் புண்தான். முழங்காலுக்குக் கீழே, மண்வெட்டி பட்டு உண்டானது. அது நண்டு தின்றது. நல்லவாடு கடற்கரைச் சுறாவைப் புட்டு செய்து தரச்சொல்லிக் கேட்டது. ஈரலில் மிளகு குறைந்தால் கோபித்துக்கொண்டது. வளைகாப்பன்று ஐந்து விதச் சோற்றையும் முடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், கூரையில் இருந்த புறாக்கள் மிரண்டு பறந்துபோய்க் கடலூரில், அதாவது இங்கிலீஷ்காரன் எல்லைக்குள், இறங்கின. பாஸ்போர்ட் இல்லாமல்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஊரில் எல்லாரும் இதை நம்பினார்கள். நம்பாத ஒரே ஆள் சிவப்பிரகாசம். அவர் எல்லைச் சாவடியில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். பிள்ளைத்தாச்சி வண்டியில் போனால்கூட, அது வயிறுதானா, இல்லை புகையிலை மூட்டையா என்று யோசிக்கிற ஜாதி. அவரை ஊரே சாவடிக்காரர் என்றுதான் கூப்பிடும். அவரிடம் பின்னால் வருகிறேன்.

புண்ணின் சொந்தக்காரர் தணிகைவேல், என் அக்கா கஸ்தூரியின் புருஷன். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்திருந்தார். நான் அக்கா வீட்டோடு இருந்து உழவுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். பக்கத்து வயல்காரன் மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டான் என்ற ஆத்திரத்தில் மாமா மண்வெட்டியை ஓங்கினார். ஓங்கியது வரப்பைப் பார்த்து. பட்டது தன் காலில். அவ்வளவுதான் சமாசாரம். மஞ்சளை அப்பிக் கட்டுப்போட்டு, ஒழுங்காகச் சோறு போட்டிருந்தால் விநாயக சதுர்த்திக்குள் ஆறியிருக்கும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் புண்பட்டவனைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கொரு பத்தியம் கொண்டுவருவார்கள்.

முதலில் வந்தது மாமாவின் சொந்த அக்கா தையலம்மாள். சாவடிக்காரரின் மனைவி. பக்கத்துத் தெருதான் என்றாலும் ஏதோ பிரான்சிலிருந்து கப்பலேறி வந்ததுபோல மூச்சிரைக்க வந்தாள்.

"மீனு, கருவாடு, முட்டை, கறி, எதுவும் வாசப்படி தாண்டக்கூடாது. சீழ் புடிக்கும். கஸ்தூரி, கேட்டுக்கினியா?"

"சரி அண்ணி."

மறுநாள் வந்தவர் கத்தரிக்காயை நிறுத்தினார். அரிக்குமாம். அடுத்தவர் பருப்பை நிறுத்தினார். வாயுவாம். எலுமிச்சம்பழம் எரியும், புளி இழுக்கும், தேங்காய் கோழை கட்டும், கொய்யாப்பழம் குளிர்ச்சி, கீரை பேதி. பெருநெல்லிக்காய் எதற்கு ஆகாது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அது மட்டும் தப்பிப்பானேன் என்று அதையும் நிறுத்தினார்கள். கடைசியில் பத்தியத்துக்குக் குற்றமில்லாமல் மிஞ்சியவை சுடுகஞ்சி, வறுத்த உப்பு, உறவுக்காரர்களின் ஆறுதல். மூன்றையும் மாமா வேளை தவறாமல் வாங்கிக்கொண்டார்.

புண்ணும் வளர்ந்தது. கொம்யூனில் பாகூர் ஏரிக்கு அடுத்தபடி பெரியது அதுதான். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவனுக்குக் காதில் விழாது. பல் துலக்கினால் ஈறெல்லாம் ரத்தம். இதையெல்லாம்விட ஒரு கூத்து நடந்தது. சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கையில் ஒரு தழும்பு, இருபது வருஷமாகச் சிவனே என்று கிடந்தது; அதுவும் சிவந்து, வெடித்து, கசிய ஆரம்பித்தது. ஆறிப்போன காயமே திரும்பி எழுந்து வருகிறதென்றால் எப்பேர்ப்பட்ட பத்தியமாக இருந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

"பத்தியம் போதல" என்றாள் தையலம்மாள். வறுத்த உப்பையும் நிறுத்தினாள்.

ஐப்பசியில் நான் வண்டி கட்டிக்கொண்டு மாமாவைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார தொக்தேர் கட்டைப் பிரித்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், மாமாவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், விலா எலும்பைத் தட்டிப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் நெடுநேரம் திட்டினார். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் அதைச் சுருக்கிச் சொன்னார்.

"நல்லா துன்ன சொல்றாரு. மீனு, முட்டை, ஈரலு, பழம், புளிப்பா எதுனா. பொங்கல் கழிச்சி இட்டுக்கினு வா. அதுக்குள்ள புண்ணு மூடலன்னா முழங்காலோட எடுத்துடுவாரு."

மாமா வண்டியில் வரும் வழியெல்லாம் தன் காலைத் தடவிக்கொண்டே வந்தார். தவளக்குப்பம் தாண்டுகிறபோது மட்டும், "ஏர் ஓட்ட ரெண்டு காலு வோணும் இல்லடா பலராமா?" என்றார். நான் மாட்டை அதட்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் தொக்தேர் சொன்னதைச் சொன்னதும் தையலம்மாள் கையைத் தட்டினாள்.

"பார்த்தியா? அவன் சம்பளம் வாங்கறதே வெட்டறதுக்குத்தான். மீனு குடுத்து, முட்டை குடுத்து, பழுக்க வெச்சுக் கொண்டாங்கறான். நாம என்ன அவ்ளோ ஏமாந்தவங்களா?"

சாவடிக்காரரும் தலையாட்டினார். எவனாவது வலிய வந்து நல்லது சொன்னால் அவன் மூட்டையை முதலில் பிரிக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். அன்று முதல் கஞ்சியில் சோறும் குறைந்து தண்ணீராயிற்று.

என் அக்கா கஸ்தூரிக்கு அப்போது ஆறாம் மாதம்; மசக்கை இன்னும் விட்டபாடில்லை. தலைச்சன் பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு; பிரெஞ்சு சர்க்கார் சட்டத்தைக்கூட மீறலாம், இதை மீற முடியாது. மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். அதனால் அதே தையலம்மாள், அதே வாசப்படி வழியாக, வயல் நண்டு ரசமும் கொய்யாப்பழமும் முட்டையும் நெல்லிக்காயும் மடிகொள்ளாமல் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தாள். ஒரே வீடு. இந்தச் சுவரோரம் அக்காவுக்கு நண்டு. அந்தச் சுவரோரம் மாமாவுக்குக் கஞ்சித் தண்ணி. நடுவில் அந்த வாசனை, யாருக்குப் பத்தியம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் போய்வந்தது.

அக்காவுக்கோ தொண்டையில் இறங்கவில்லை. எடுத்து மாமாவுக்குக் கொடுக்கலாம் என்றால் தையலம்மாள் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மாமா கண்ணை மூடியபடியே முனகினார்.

"நண்டு வோணுமாம்."

"டேய், உனுக்கு நண்டா?" என்று எழுந்தாள் தையலம்மாள்.

"எனுக்கு இன்னாத்துக்கு நண்டு? நான் கஞ்சி குடிச்சிட்டேனே. காலு கேக்குது."

"காலா?"

"காலுல கீற புண்ணு. விடிஞ்சதுலேர்ந்து நச்சரிக்குது. 'அவளுக்கு மட்டும் குடுக்கறாங்களே, நான் இன்னா பாவம் பண்ணேன்'னு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கும் அக்காவுக்கும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் அங்கே இருந்த இன்னொருத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் மருத்துவச்சி கலியம்மாள். ஊரில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போட்டவள். மாமாவின் காலருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏ தையலு, தப்பு பண்ணிட்டோம்டி."

"இன்னா தப்பு?"

"இதுக்கு மசக்கை. நாம கவனிக்கல. ஆசைப்பட்டத குடுக்கலன்னா புள்ளைக்குக் காதுல சீழ் வரும். இதுக்குத்தான் காதே இல்லயே, அதான் நேராவே சீழ் வருது."

அந்த ஒரு வார்த்தை, புதுச்சேரி ஆஸ்பத்திரி மொத்தமும் சேர்ந்து செய்ய முடியாததைச் செய்தது. தையலம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருபக்கம் பத்தியம், ஒருபக்கம் மசக்கை. இரண்டுமே மீற முடியாத சட்டம். யோசித்து யோசித்து அவளே தீர்ப்புச் சொன்னாள்.

"தம்பி வாயில ஒரு பருக்கை படக்கூடாது. அவன் பத்தியக்காரன். காலு துன்னட்டும். அதுக்குத் தனியா எலை போடு."

காலுக்கு இலை போட்டோம். மாமா நீட்டிய பாதத்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, நண்டும் முட்டையும் நெல்லிக்காய் ஊறலும் வைத்தோம். மசக்கைக்காரர்கள் சாப்பிடும்போது கண் படக்கூடாது என்பதால் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு ஏதோ உடைகிற சத்தம். பிறகு உறிஞ்சுகிற சத்தம். கலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கதவைத் திறந்தால் இலையில் கருவேப்பிலை மட்டும் கிடந்தது.

"அதுக்குக் கருவேப்பிலை புடிக்காதாம்" என்றார் மாமா, வாயைத் துடைக்காமல் காலைத் துண்டால் துடைத்தபடி.

அப்புறம் அந்தப் புண்ணுக்கு வந்த வாழ்வு இருக்கிறதே! நல்லவாட்டிலிருந்து மீன் கூடைக்காரி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். "இன்னிக்கு அது இன்னா கேக்குது?" என்று தெருவில் நின்றே விசாரிப்பாள். ஏம்பலத்திலிருந்து ஒருவர் ஆடு அறுத்தால் ஈரலை மட்டும் விற்காமல் தனியாக எடுத்துக் கொடுத்தனுப்பினார். ஒருநாள் முருங்கைக்கீரை கேட்டது. ஒருநாள் நத்தை. ஒருநாள் ஒன்றும் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டது. விசாரித்தால், முந்தின நாள் குழம்பில் உப்பு இல்லையாம். ஊரில் மற்றப் புண்களும் இதைப் பார்த்துத் தலையெடுத்தன. நாகராஜன் என்பவனின் கட்டைவிரல் கொப்புளம் கள்ளு கேட்டது. அவன் மனைவி அமுதம் விளக்குமாற்றை எடுத்ததும் கொப்புளத்துக்கு ஆசை தீர்ந்துபோயிற்று.

நான் சொல்வது மிகை என்று நினைத்தால் இதையும் கேளுங்கள். புண்ணின் ஓரமெல்லாம் சிவந்து, வழவழப்பாக, ஆட்டுக்குட்டி நாக்கு நிறத்தில் புதுச்சதை ஏறியது. ஈறு ரத்தம் நின்றது. முழங்கைத் தழும்பு வெட்கப்பட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. ஏரி சுருங்கிக் குளமானது, குளம் சுருங்கிக் குட்டையானது.

மார்கழியில் சுபகாரியம் ஆகாது என்று கார்த்திகைக் கடைசியிலேயே அக்காவுக்கு வளைகாப்பு வைத்தார்கள். சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று வரிசையாக வைத்திருக்கையில் சுவரோரமிருந்து குரல்.

"அதுவும் மசக்கைதானே? அதுக்கு ஒண்ணும் இல்லியான்னு கேக்குது."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். கலியம்மாள் எழுந்தாள். கணுக்காலில் சந்தனம் பூசினாள். அக்கா கையில் ஏறியதுபோக மிச்சமிருந்த கண்ணாடி வளையல்கள் மாமாவின் காலில் ஏற மறுத்ததால், நூலில் கோத்துக் கட்டினார்கள். ஒருத்தி நலங்குப் பாட்டுப் பாடினாள். பிள்ளை என்று வருகிற இடத்திலெல்லாம் பிசகாமல் கால் என்று மாற்றிப் பாடினாள். மாமா வெட்கத்தோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சாவடிக்காரர் சிவப்பிரகாசம் இத்தனையும் வாசலில் நின்று பார்த்தார். பந்தி முடிந்ததும் குப்பையிலிருந்து ஒரு நண்டு ஓட்டைப் பொறுக்கி என்னிடம் காட்டினார்.

"இது இன்னாடா?"

"நண்டு ஓடு, அண்ணே."

"கடிச்சிருக்குது பாரு. கடவாப்பல்லு பட்ட தடம். காலுக்குப் பல்லு ஏது?"

"கால் விரலு இடுக்குல வெச்சி நசுக்கியிருக்கும்."

"புண்ணுக்கு வாயாடா இருக்குது? மச்சான் துன்றாண்டா! என் சாவடியத் தாண்டி ஒரு சுருட்டு போனதில்ல. கையும் களவுமாப் புடிக்கறேன், பாரு."

இந்த இடத்தில் எனக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று. ஏனென்றால் தையலம்மாள் அம்மன் மேல் சத்தியம் செய்திருந்தாள்: தம்பி வாயில் ஒரு பருக்கை போனது தெரிந்தாலும் மறுநாளிலிருந்து பழைய கஞ்சித் தண்ணிதான். அவள் சொன்னால் சொன்னது. புண்ணோ இன்னும் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திறந்தே இருந்தது. பொங்கலோ வந்துகொண்டிருந்தது.

அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு சாவடிக்காரர் வீட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, நீங்க எத வோணா பாருங்க. பொங்கல் கழிச்சிப் பாருங்க. எம்புள்ளையத் தூக்கிக்கினு நடக்க அதோட அப்பனுக்கு ரெண்டு காலு வோணும்."

"சாவடியில வந்து அழாதவங்க யாரும்மா? எல்லாந்தான் அழுவாங்க. நான் மூட்டையப் பிரிக்காம வுட்டதில்ல" என்றார் அவர்.

காலுக்கு இலை போடுகிற அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் குதிர் இருந்தது. அறுப்புக்கு முந்தின மாதம், அடிவரை காலி. ஒரு நாள் மத்தியானம் அக்கா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, சாவடிக்காரர் மேல்வழியாக அதற்குள் இறங்கிக்கொண்டார். நெல் தள்ளுகிற கீழ்ப்பக்கத் துளைக்கு நேராகக் கண்ணை வைத்தால் மாமாவின் கால், இலை, எல்லாம் தெரியும்.

இலை போட்டோம். கதவைச் சாத்தினோம். உடைகிற சத்தம் வந்தது. உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு, புதிதாக, ஒரு தும்மல் வந்தது.

பழைய நெல் தூசி. ஒன்றல்ல, தொடர்ந்து தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் குதிர் கும் கும் என்று அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் பூமி அதிர்ச்சி என்று ஏரிக்கரைக்கு ஓடினார்கள். நாங்கள் கதவைத் திறந்தபோது மாமா ஒரு கையில் நண்டுக்காலோடு சிலையாகியிருந்தார். அதைச் சட்டென்று புண்ணின் மேல் வைத்துக்கொண்டார்.

குதிருக்குள் இறங்கத் தெரிந்தவருக்கு ஏறத் தெரியவில்லை. நானும் நாகராஜனும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே நிறுத்தினோம். தலைமுதல் கால்வரை நெல் தூசி. தையலம்மாள் முன்னால் வந்து நின்றாள். பின்னால் கலியம்மாள், மீன்காரி, தெருவில் பாதி.

"உள்ளாற இன்னா பண்ணீங்க?"

"சோதனை."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"யாரு துன்னா? உள்ளத சொல்லுங்க. எந்தம்பி துன்னானா?"

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாமா நண்டுக்காலைப் பார்த்தபடி இருந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

சாவடிக்காரர் மாமாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சரக்கு வண்டியைச் சுற்றுகிற நடை. குனிந்து விலா எலும்பை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கன்னத்துக் குழியைப் பார்த்தார். கழுத்து எலும்பில் தண்ணீர் ஊற்றினால் தேங்கும், அதையும் பார்த்தார். பிறகு மண்டி போட்டு, வளையல் கட்டிய காலைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, அந்தச் சிவந்த புதுச்சதையை மூக்கு இடிக்கிற தூரத்தில் வெகுநேரம் பார்த்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார்.

"புண்ணுதான் துன்னுது" என்றார்.

கலியம்மாள் ஒரு குலவை போட்டாள். புறாக்கள் இந்தத் தடவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

பொங்கல் கழித்து வண்டி கட்டினோம். தொக்தேர் கட்டைப் பிரித்தார். ஒன்றும் இல்லை; ஒரு பிறை வடிவத் தழும்பு, அதன் கீழே நூலில் கட்டிய ஒற்றை வளையல். அவர் தழும்பை ஒரு தடவை பார்த்தார், வளையலை மூன்று தடவை பார்த்தார். அது என்ன என்று கம்பவுண்டரை விட்டுக் கேட்டார்; நாங்கள் நடந்ததைச் சொன்னோம். கம்பவுண்டர், "அதெல்லாம் பிரெஞ்சில சொல்ல முடியாதுங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். மாமா அங்கிருந்து தவளக்குப்பம் வரைக்கும் வண்டியில் ஏறாமல் நடந்தே வந்தார். மாடு வெட்கப்பட்டுப் பின்னால் வந்தது. மாசியில் பெண் குழந்தை பிறந்தது. காதில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு மட்டும் ஒரு குடைச்சல் பாக்கியிருந்தது. சித்திரையில் ஒரு சாயங்காலம் ஏரிக்கரையில் சாவடிக்காரரைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணே, யாரும் இல்ல. இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னிக்குப் பொண்டாட்டிக்குப் பயந்து பொய்தானே சொன்னீங்க? குதிருக்குள்ளேர்ந்து பார்த்தீங்களே. மாமா வாயில போட்டு மென்னது தெரியலியா?"

"தெரிஞ்சுது. நல்லா தெரிஞ்சுது. நண்டுக்காலக் கடிச்சி அழுதுக்கினே உறிஞ்சுனான்."

"அப்புறம்?"

அவர் சுருட்டைப் பற்றவைத்தார். தூரத்தில் மாமா தோளில் மண்வெட்டியோடு மடை பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு காலும் சரியாக வைத்து.

"டேய், வண்டி எந்த வழியாப் போச்சுன்னு மட்டும் பாக்கறவன் அரை சாவடிக்காரன். சரக்கு எங்க எறங்குச்சுன்னு பாக்கணும். அவ்ளோ நண்டு, அவ்ளோ முட்டை, அவ்ளோ நெல்லிக்கா. அவன் ஒடம்புல தேடித் தேடிப் பார்த்தேன். விலாவுல எறங்கல, கன்னத்துல எறங்கல, ஒரு பிடி சதை எங்கயும் ஏறல. மொத்தமும் அந்தக் குழியில எறங்கியிருந்துச்சு. அவன் வாயி வெறும் ரோடு. துன்னது அதுதான்டா."

புகையை விட்டார். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னா பாக்கற? நடந்துச்சு. வளைகாப்பும் நடந்துச்சு, நண்டும் துன்னுச்சு. எவன் கேட்டாலும் சிவப்பிரகாசம் சொன்னான்னு சொல்லு. அந்த ஏப்பத்த மட்டும் நான் கேக்கல."